யாருடைய பட்டியலில் நம் பெயர்? – ப்ரீபிரிண்ட்டின் வரலாறும் நம் கையெழுத்துப் படிகளும்

சென்ற மாதம் ஒரு ஆய்வு மாணவி என்னைப் பார்க்க வந்தார். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட நாற்பது பக்கம். தன் ஊர்ச் சேரி மக்கள் சுடுகாட்டுப் பாதைக்காக மூன்று தலைமுறையாக நடத்திவரும் போராட்டத்தைப் பற்றிய கட்டுரை அது. இரண்டு வருட உழைப்பு. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிப் பதினான்கு மாதம் ஆகியும் பதில் இல்லை. இன்னொரு இதழ் பத்தே நாளில் ஏற்றுக்கொண்டது, ஆனால் பணம் கேட்டது.

"அக்கா, இதை ஆன்லைன்ல ப்ரீபிரிண்ட்டா போடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா. போட்டா யாராவது திருடிட மாட்டாங்களா? அப்புறம் எந்த ஜர்னலும் எடுக்காதுன்னு கைடு பயமுறுத்துறார்" என்றார்.

இரண்டு பயங்கள். இரண்டுக்குமே அறுபது, எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற தோழர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினால் ஆசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் படித்து, திருத்தம் சொல்லி, சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். இந்தச் சோதனைக்கு முன்பே, எழுதியவர் தன் கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டால் அதுதான் ப்ரீபிரிண்ட். தமிழில் முன்அச்சு எனலாம்.

தபால் பட்டியல்

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே முன்அச்சு இருந்தது. 1950களிலும் 60களிலும் இயற்பியல் ஆய்வாளர்கள் கட்டுரையைத் தட்டச்சு செய்து, படியெடுத்து, தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். இதழில் அச்சாகப் பல மாதங்கள் ஆகும் என்பதால் அதுவரை யாரும் காத்திருக்கவில்லை. ஜெனீவாவின் செர்ன், கலிபோர்னியாவின் ஸ்லாக் போன்ற பெரிய ஆய்வுக்கூடங்களின் நூலகங்கள் இந்தப் படிகளைச் சேகரித்தன. 1969 முதல் ஸ்லாக் நூலகம் வாராவாரம் புதிய முன்அச்சுகளின் பட்டியலையே வெளியிட்டது.

உயிரியலிலும் இதே கதைதான். 1954இல் ஜார்ஜ் காமோவும் ஜேம்ஸ் வாட்சனும் 'ஆர்என்ஏ டை கிளப்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் 20 பேர்தான். மரபணுக் குறியீடு பற்றி பிரான்சிஸ் கிரிக் எழுதிய மிக முக்கியமான 'அடாப்டர்' கருதுகோள் 1955இல் இந்தக் கிளப்புக்குள்தான் சுற்றுக்கு விடப்பட்டது. அந்தக் கட்டுரை அன்று எந்த இதழிலும் அச்சாகவில்லை.

இந்தத் தபால் பட்டியலில் யார் பெயர் இருந்தது? பெரிய பல்கலைக்கழகம், பெரிய பேராசிரியர், அவருடைய மாணவர், அவருடைய நண்பர். சிறிய கல்லூரியில் இருப்பவருக்கும் ஏழை நாட்டில் இருப்பவருக்கும் அதே சேதி இதழ் அச்சாகி, கப்பலேறி, நூலகத்துக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. அதற்குள் பட்டியலில் இருந்தவர்கள் அடுத்த கட்டுரையையே எழுதி முடித்திருப்பார்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். நமக்கு இது புதிதா? வேலை அறிவிப்பு வரும் முன்பே சிலருக்குத் தெரிந்திருக்கும், ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று சில வீடுகளில் மட்டும் சொல்லிக்கொடுக்கப்படும். சாதி எப்போதும் கதவைச் சாத்தித்தான் வேலை செய்யும் என்றில்லை. சேதியைச் சொல்லாமலேயே வேலையை முடித்துவிடும்.

இதழ்கள் தடுத்த கதை

1961இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இந்தத் தபால் முறையை அரசுச் செலவில் விரிவாக்கியது. 'தகவல் பரிமாற்றக் குழுக்கள்' என்று பெயர். ஏழு குழுக்கள், 1966 இறுதியில் 3,600க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2,500க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உலகெங்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன.

ஆய்விதழ்கள் இதை விரும்பவில்லை. சோதிக்கப்படாத சரக்கு என்று தலையங்கம் எழுதின. 1966இல் உயிர்வேதியியல் இதழ்களின் ஆசிரியர்கள் கூடி, இந்தக் குழுக்களில் சுற்றிய கட்டுரைகளை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1967இல் திட்டமே மூடப்பட்டது. 1969இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஆசிரியர் இங்கெல்ஃபிங்கர், வேறெங்கும் வெளிவந்த ஆய்வை ஏற்பதில்லை என்ற விதியை வகுத்தார். மருத்துவ இதழ்கள் பல அதைப் பின்பற்றின.

அந்த மாணவியின் கைடு சொன்ன பயம் இங்கிருந்துதான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, பழைய நிலவரத்தைச் சொல்கிறார். இன்று பெரும்பாலான அறிவியல் இதழ்களும் சமூக அறிவியல் இதழ்கள் பலவும் ப்ரீபிரிண்ட்டாக வந்த கட்டுரையை ஏற்கின்றன. சில இதழ்கள் இன்னும் ஏற்பதில்லை. ஒவ்வொரு இதழும் தன் கொள்கையை எழுதி வைத்திருக்கும். அனுப்பும் முன் அதைப் படிப்பது நம் பொறுப்பு.

1991 ஆகஸ்ட்

தபால் பட்டியலை உடைத்தவர் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அதற்கு முன்பே ஜோன் கோன் என்ற பெண் ஆய்வாளர் மின்னஞ்சலில் கட்டுரைக் கோப்புகளைத் திரட்டிப் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையைக் கணினியே செய்யும்படி கின்ஸ்பார்க் ஒரு நிரல் எழுதி, 1991 ஆகஸ்டில் இயக்கத்துக்கு விட்டார். அதுதான் இன்றைய ஆர்க்சிவ் தளம். ஆண்டுக்கு 100 கட்டுரை வரும் என்று நினைத்தார், முதல் ஆறு மாதத்திலேயே 400 வந்தன. 2001இல் அவரோடு தளமும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2022க்குள் அதிலிருந்த கட்டுரைகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அன்றைய புதுக் கட்டுரைப் பட்டியல் ஹார்வர்டு பேராசிரியருக்கும், ஒரு சிறு ஊர்க் கல்லூரியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது. இரண்டு, ஒவ்வொரு கட்டுரையிலும் தேதி பதிந்தது. இந்தக் கருத்தை யார் முதலில் சொன்னது என்ற சண்டை வந்தால் அந்தத் தேதிதான் சாட்சி.

திருட்டு பயத்துக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளின் களப்பணி எங்கே திருடப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளிவராத நிலையில்தான் நடக்கிறது. கைடிடம் கொடுத்த வரைவு, கருத்தரங்கில் வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டு வந்த படி, தொண்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த அறிக்கை. என் எம்.ஏ. காலத்தில் தூய்மைப் பணியாளர்களிடம் எடுத்த நேர்காணல்களை ஒரு நிறுவனத்துக்குத் தொகுத்துக் கொடுத்தேன். இரண்டு ஆண்டு கழித்து வந்த அவர்களுடைய ஆங்கில வெளியீட்டில் அந்த நேர்காணல்கள் இருந்தன, என் பெயர் இல்லை. சண்டை போட என்னிடம் தேதியிட்ட எந்தச் சான்றும் இல்லை. வெளியே போட்டால் திருடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். பெட்டியில் வைத்திருந்தாலும் திருடுவார்கள், அப்போது நிரூபிக்கவும் முடியாது.

இன்னொரு உதாரணம். ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மன், நூறாண்டாக யாரும் தீர்க்காத பாயின்கரே கணிப்புக்கான நிரூபணத்தை 2002–03இல் மூன்று கட்டுரைகளாக ஆர்க்சிவ் தளத்தில் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. உலகக் கணிதவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்து, சரி என்றார்கள். 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது, அவர் மறுத்தார். 2010இல் பத்து லட்சம் டாலர் பரிசு, அதையும் மறுத்தார். நமக்கு அந்த வசதி இல்லை, பரிசு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். ஆனால் சோதனை என்பது வெளியீட்டுக்கு முன்தான் நடக்க வேண்டும் என்றில்லை, பின்னாலும் நடக்கலாம் என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

நம் ஆளின் 1,500 படிகள்

இதையெல்லாம் வெள்ளைக்கார விஞ்ஞானிகளின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர் பாபாசாகேப்.

1935 டிசம்பரில் லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத் தோடக் மண்டல், தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதி இந்துக்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் நடத்திய அமைப்பு அது. அவர் தலைமையுரையை எழுதினார். உரையைப் படித்த மண்டல்காரர்கள் அதிர்ந்தார்கள். வேதங்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். இன்றைய மொழியில் சொன்னால், திருத்தம் கேட்டு வந்த ரிவ்யூ அறிக்கை. அம்பேத்கர் மறுத்தார். மாநாடே ரத்தானது.

அவர் அந்த உரையைப் பெட்டிக்குள் வைத்துவிடவில்லை. 1936 மே மாதம் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். விலை எட்டணா. மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் முன்னால் சேர்த்தார். எதை நீக்கச் சொன்னார்கள், ஏன் மறுத்தார் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம். ஜூலையில் காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் விமர்சனம் எழுதினார். விலை அதிகம் என்றும் எழுதினார். அம்பேத்கர் பதில் எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனமும் அம்பேத்கரின் பதிலும் சேர்ந்தே இருந்தன. 1944இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையும் அதோடு இணைந்தது.

இதைத் தளத்தின் மொழியில் படியுங்கள். முதல் வடிவம் 1936. பொதுவெளியில் விமர்சனம், எழுதியவரின் பதில். இரண்டாம் வடிவம் 1937. மூன்றாம் வடிவம் 1944. முந்தைய வடிவங்களும் விவாதமும் அழிக்கப்படாமல் ஆவணமாக நிற்கின்றன. ப்ரீபிரிண்ட் தளங்கள் இன்று செய்வது இதைத்தான். குடிஅரசு வழியாகத் தமிழ் வாசகருக்கு இந்த நூல் 1930களிலேயே வந்து சேர்ந்ததும், அவர் மண்டலின் அனுமதிக்காகக் காத்திருக்காததால்தான்.

காத்திருந்த எழுத்துகளுக்கு என்ன ஆனது என்பதற்கும் அவர் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1956இல் அவர் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகள் குவிந்து கிடந்தன. 'இந்து மதத்தின் புதிர்கள்' வெளிவந்தது 1987இல்தான், மகாராஷ்டிர அரசின் தொகுப்பு வரிசையில். 31 ஆண்டுகள். வந்த பிறகும் அதன் ஒரு பகுதியை நீக்கச் சொல்லிக் கலகம் செய்தார்கள், தலித் மக்கள் தெருவில் இறங்கித்தான் அதைக் காப்பாற்றினார்கள். நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து நம் கைக்குக் கொண்டுவந்தது 1999இல். பண்டிதர் தானே அச்சிட்டார், அதனால்தான் தொகுக்க ஏதாவது மிஞ்சியது.

திறந்த வீட்டிலும் வாசல் உண்டு

ப்ரீபிரிண்ட் தளம் சமத்துவபுரம் என்று நம்பிவிட வேண்டாம். ஆர்க்சிவ் தளத்திலேயே 2004 முதல், புதிதாகக் கட்டுரை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதியவரின் பரிந்துரை தேவை என்ற விதி வந்தது. குப்பை சேராமல் இருக்கத்தான். ஆனால் பரிந்துரைக்க ஆள் யாருக்குக் கிடைக்கும் என்ற பழைய கேள்வி அதோடு உள்ளே வந்துவிட்டது.

அடுத்தது உடைமை. சமூக அறிவியலுக்கான எஸ்எஸ்ஆர்என் தளம் 1994இல் தொடங்கியது. 2016இல் எல்செவியர் என்ற பெரும் பதிப்பக நிறுவனம் அதை வாங்கியது. அதே ஆண்டு, லாப நோக்கமில்லாத மாற்றாக சமூகவியலாளர்கள் சோக்ஆர்க்சிவ் தொடங்கினார்கள். 2019இல் இந்தியாஆர்க்சிவ் வந்தது. இத்தகைய தளங்களுக்கு மென்பொருள் கொடுத்த அமெரிக்க மையம் பின்னர் ஆண்டுக் கட்டணம் கேட்டபோது, இந்தோனேசியா போன்ற நாடுகளின் தளங்கள் திண்டாடின. இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் செலவு செய்கிறார். அது யார் என்று கேட்டுவிட்டுத்தான் நம் எழுத்தை ஒப்படைக்க வேண்டும்.

தவறான ஆய்வும் இதே வேகத்தில் பரவும். 2020 ஜனவரி இறுதியில், கொரோனா வைரஸுக்கும் எச்ஐவிக்கும் ஒற்றுமை இருப்பதாக தில்லி ஆய்வாளர்கள் சிலரின் கட்டுரை பயோஆர்க்சிவ் தளத்தில் வந்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் பிழையைச் சுட்டிக்காட்ட, சில நாட்களில் எழுதியவர்களே விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் அது சதிக் கோட்பாட்டாளர்களின் கைக்குப் போய்விட்டது.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆய்விதழ்கள் பெயரை மறைத்துச் சோதனைக்கு அனுப்புவது எழுதியவருக்கு ஒரு பாதுகாப்பு. அதே தலைப்பில் ப்ரீபிரிண்ட் இருந்தால், சோதிப்பவர் தேடிப் பார்த்து யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். இதற்கு எளிய தீர்வு இல்லை. தெரிந்தே முடிவெடுங்கள்.

ஏற்றும் முன்

நடைமுறை சிக்கலானதல்ல. கணக்குத் தொடங்கி, பிடிஎஃப் கோப்பை ஏற்றி, தலைப்பு, சுருக்கம், எழுதியவர் பெயர், துறை, உரிமம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். சோக்ஆர்க்சிவ் போன்ற தளங்களில் மட்டுறுத்துநர்கள் இது ஆய்வுக்கட்டுரைதானா என்று பார்ப்பார்கள். உள்ளே சொன்னது சரியா என்று சோதிக்க மாட்டார்கள். பிறகு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து யாரும் மேற்கோள் காட்டலாம். செர்ன் நடத்தும் ஜெனோடோ தளம் 2013 முதல் இயங்குகிறது. எந்தத் துறையும் எந்த மொழியும் அங்கே போகும், தமிழில் எழுதியதையும் ஏற்றலாம்.

சில எச்சரிக்கைகள்.

ஏற்றியதை அழிக்க முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விலக்கினாலும் தடம் இருக்கும், யாராவது இறக்கி வைத்திருப்பார்கள். ஆகவே ஊர்ப்பெயர், ஆட்பெயர், வயது, தொழில், புகைப்படம் எல்லாவற்றையும் இன்னொரு முறை பாருங்கள். வன்கொடுமை வழக்கில் சாட்சியாக இருப்பவர் சொன்னதை எழுதியிருந்தால் அவரை அடையாளம் காட்டும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கட்டுரை நமக்கு, ஊரில் வாழ்வது அவர்.

உடன் எழுதியவர்கள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். களத்தில் கூட வந்து மொழிபெயர்த்த, வழிகாட்டிய தோழரின் பெயரையும் சேருங்கள். நம் உழைப்பை அழித்தவர்களைத் திட்டிவிட்டு அதையே நாம் செய்யக் கூடாது.

பெயரை எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நமக்குச் சாதிப் பின்னொட்டும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. படிவம் கேட்கும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒருமுறை அப்பா பெயரையும் இன்னொருமுறை இனிஷியலையும் போட்டால் இணையத்தில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ஓர்கிட் எண் இலவசம், ஒன்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ப்ரீபிரிண்ட் வேலை வாங்கித் தராது. நேர்முகத் தேர்வில் அதை ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முனைவர் பட்டத்துக்கு இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு யுஜிசி விதி 2022இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், விசாரியுங்கள். இதழுக்கும் அனுப்புங்கள், தளத்திலும் போடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சிடும் போலி இதழுக்கு மட்டும் உங்கள் உழைப்பைக் கொடுக்காதீர்கள்.

அந்த மாணவி உடனே ஏற்றிவிடவில்லை. கட்டுரையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். யார் யார் பேட்டி கொடுத்தார்களோ அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, அவர்களைப் பற்றி எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். இரண்டு பேர் தங்கள் பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். ஊர்ப்பெயரை மாற்றினார். எல்லோருக்கும் மாற்றுப் பெயர் வைத்திருப்பதைச் சொன்னபோது, கணவரின் உடலை அந்தப் பாதைக்காக நாள் முழுக்க வெயிலில் வைத்துக் காத்திருந்த ஒரு பாட்டி கேட்டாராம்: "எம் பேரை ஏன் மாத்துன? நின்னது நானு."

அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்டார். பெயரை வெளியிட்டால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று பாட்டியிடமும் அவர் பிள்ளைகளிடமும் பொறுமையாகச் சொல், அதன் பிறகும் அவர் வேண்டும் என்றால் அது அவர் உரிமை என்றேன். இப்போது அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகுதான் கட்டுரை ஏறும்.

உங்கள் பெட்டியிலும் இப்படி ஒன்று கிடக்கிறதா? எடுத்துத் தூசி தட்டுங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.